வார்டுக்கு இரண்டு பொறுப்பாளர்கள்: மருத்துவரையும் செவிலியரையும் இணையாகப் பயிற்றுவிப்பது எப்படி?

கேள்வி: ஒவ்வொரு வார்டையும் ஒரு மருத்துவரும் ஒரு செவிலியரும் கூட்டாக நடத்த வேண்டும் என்று மருத்துவமனை முடிவு செய்திருக்கிறது. இருவருக்கும் நிர்வாகப் பயிற்சி தர வேண்டும். தனித்தனியாகவா, சேர்த்தா? என்ன சொல்லிக்கொடுப்பது, எவ்வளவு காலம், பலன் வந்ததா என்று எப்படிப் பார்ப்பது?

சேர்த்துத்தான். ஆனால் அரங்கில் மருத்துவர்கள் ஒரு பக்கம், செவிலியர்கள் ஒரு பக்கம் என்று உட்கார வைத்து விரிவுரை நடத்துவதை நான் சேர்த்து என்று சொல்லவில்லை. நாளை எந்த இருவர் ஒரே வார்டை நடத்தப் போகிறார்களோ, அந்த இருவரும் ஒரே மேசையில், தங்கள் வார்டின் கணக்கையே கையில் வைத்துக்கொண்டு பயில வேண்டும். பயிற்சிக்கு வருவதும் இணையாக, தேறுவதும் இணையாக. ஒருவரால் வர முடியவில்லை என்றால் அந்த வார்டின் முறையைத் தள்ளிவையுங்கள். "டாக்டருக்கு ஆபரேஷன் இருக்கு, சிஸ்டர் மட்டும் வரட்டும்" என்று முதல் வாரம் விட்டுக்கொடுத்தால், அந்த வார்டில் யார் நேரம் விலை உயர்ந்தது என்ற பாடத்தைப் பயிற்சியே கற்பித்துவிடும்.

இருவரும் வளர்ந்த விதம்

மருத்துவப் படிப்பு ஒருவரைத் தனியாளாகப் பொறுப்பேற்கப் பழக்குகிறது: ஒரு நோயாளி, ஒரு முடிவு, அடியில் தன் கையெழுத்து. செவிலியர் படிப்பு வேறு மாதிரி. ஒரே நேரத்தில் பல படுக்கைகள், மூன்று ஷிஃப்ட், தான் விட்ட இடத்தில் அடுத்தவர் தொடரும்படி எழுதி ஒப்படைப்பது. ஒருவர் வார்டுக்கு வந்து போகிறவர். மற்றவர் வார்டிலேயே இருக்கிறவர். இந்த வேறுபாட்டை எல்லோரும் அறிவார்கள். பலர் கவனிக்காதது, அதிகாரம் என்ற சொல்லுக்கே இருவரிடமும் வேறு பொருள் இருப்பதைத்தான்.

செவிலியர் பொறுப்பாளர் கையில் டியூட்டி பட்டியல், லீவ், மதிப்பீட்டு அறிக்கை எல்லாம் உண்டு. அவர் சொன்னால் அன்று மாலையே பட்டியல் மாறும். மருத்துவர் பொறுப்பாளர் நிலை அப்படியில்லை. சக மருத்துவர்களில் பலர் அவரைவிட மூத்தவர்களாக இருப்பார்கள். சிலர் அவருக்குப் பாடம் எடுத்தவர்களாகக்கூட இருப்பார்கள். அவர் சொல்வது பெரும்பாலும் வேண்டுகோள்தான். இது தெரியாத செவிலியர், "நாலு தடவை சொல்லியாச்சு, டாக்டர் எதுவும் செய்யலை" என்று நினைக்கிறார். மருத்துவரோ, செவிலியருக்கு மேலே மேட்ரன், அவருக்கு மேலே இன்னொருவர் என்று படிக்கட்டு இருப்பதை மறந்து, "இதுக்கெல்லாம் மேல கேக்கணுமா?" என்று சலித்துக்கொள்கிறார். இரண்டு மனக்கசப்புக்கும் வேர் குணக்கேடு அல்ல, அறியாமை. அறியாமையைப் பயிற்சியால் போக்க முடியும் என்பதே நமக்கு நம்பிக்கை.

மனநல மருத்துவர் லெனார்ட் ஸ்டைன் 1967-இல் இந்த உறவை ஒரு விளையாட்டு என்று வர்ணித்தார். செவிலியர் தன் ஆலோசனையை மருத்துவரின் சொந்த யோசனை போலத் தோன்றும்படி சொல்ல வேண்டும். மருத்துவர் ஆலோசனை கேட்பது தெரியாதபடி கேட்க வேண்டும். வெளிப்படையாக மறுப்பது மட்டும் கூடாது. 1990-இல் அவரே மற்ற இருவருடன் சேர்ந்து மறுபடி எழுதியபோது, செவிலியர்கள் அந்த ஆட்டத்திலிருந்து விலகத் தொடங்கிவிட்டதைப் பதிவு செய்தார். ஆனால் பழைய ஆட்டத்தின் சாயல் இன்னும் பல வார்டுகளில் இருக்கிறது. கூட்டுப் பொறுப்பு என்று பெயர்ப்பலகை மாட்டியதும் அது போய்விடாது.

இது நல்லுறவுப் பிரச்சினை மட்டும் என்று யாராவது சொன்னால் இரண்டு ஆய்வுகளைக் காட்டுங்கள். 1986-இல் வெளியான ஆய்வுக்காக அமெரிக்காவில் 13 மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 5,030 நோயாளிகளைப் பார்த்தார்கள். நோயின் கடுமையை வைத்து எதிர்பார்த்த இறப்பையும் நடந்த இறப்பையும் ஒப்பிட்டபோது மருத்துவமனைகளுக்கிடையே பெரிய வேறுபாடு இருந்தது. அது சிறப்புச் சிகிச்சை எவ்வளவு தரப்பட்டது என்பதைவிடவும் போதனா மருத்துவமனையா இல்லையா என்பதைவிடவும், அங்கிருந்த மருத்துவர்களும் செவிலியர்களும் ஒருவரோடொருவர் பேசிச் செயல்பட்ட விதத்தோடுதான் அதிகம் ஒத்துப்போனது. இரண்டாவது, 2003-இல் வந்த ஆய்வு. தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்களில் 73% பேர் செவிலியர்களோடு தங்கள் ஒத்துழைப்பு உயர்வாக இருப்பதாகச் சொன்னார்கள். செவிலியர்களில் மருத்துவர்களைப் பற்றி அப்படிச் சொன்னவர்கள் 33% பேர்தான். பயிற்சிக்கு முன் "எங்க வார்டுல அந்தப் பிரச்சினையே இல்லை" என்று மருத்துவர் பொறுப்பாளர் சொல்லும்போது இந்த இரண்டு எண்களையும் நினைவில் வையுங்கள். அவர் பொய் சொல்லவில்லை. அவர் நிற்கும் இடத்திலிருந்து அப்படித்தான் தெரிகிறது.

வகுப்புக்கு முன்னால் நிர்வாகம் செய்ய வேண்டியவை

பயிற்சி தோற்பதில் பெரும்பகுதி வகுப்பறைக்கு வெளியேதான் முடிவாகிறது. முதலில் நேரம். மருத்துவர் பொறுப்பாளருக்கு வாரத்தில் குறைந்தது இரண்டு அரைநாள் சிகிச்சைப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டு, அது எழுத்தில் இருக்க வேண்டும். செவிலியர் பொறுப்பாளரை அன்றைய ஷிஃப்டின் ஆள்கணக்கில் சேர்க்கக் கூடாது. செவிலியர் விஷயத்தில்தான் பிழை அதிகம் நடக்கிறது: ஒரு ஸ்டாஃப் நர்ஸ் லீவ் போட்டதும் பொறுப்பாளர் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார். மாதத்தில் எத்தனை ஷிஃப்ட் அப்படிப் போனது என்று எண்ணி, இரண்டைத் தாண்டினால் மேலே தெரிவிக்கும் ஏற்பாடு வேண்டும்.

அடுத்து, இருவருக்கும் மேலே இருப்பவர்கள். மருத்துவ இயக்குநர் ஒரு திசையிலும் செவிலியர் துறைத் தலைவர் வேறு திசையிலும் இழுத்தால், கீழே உள்ள இணையால் ஒன்றும் செய்ய முடியாது. மேலே உள்ள அந்த இருவரும் தொடக்க அமர்வில் ஒன்றாக வந்து உட்கார வேண்டும். வாழ்த்துரை வழங்கிவிட்டுப் போவதற்கல்ல. கீழே சொல்லப்போகும் முடிவுப் பட்டியலைத் தங்கள் மட்டத்திலும் போட்டுக் காட்டுவதற்கு.

மூன்றாவது, பொதுவான இலக்கு. மருத்துவரை நோயாளி எண்ணிக்கையாலும் செவிலியரை ஓவர்டைம் செலவாலும் அளந்தால், இருவரும் எதிரெதிராக ஓடத்தான் செய்வார்கள். நான்கைந்து அளவீடுகள் இருவர் மதிப்பீட்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும்: தொற்று, கீழே விழுதல், படுக்கைப் புண், டிஸ்சார்ஜ் நேரம், ஊழியர் விலகல்.

ஆளைத் தேர்ந்தெடுப்பது பற்றி ஒன்று மட்டும். சிறந்த அறுவை நிபுணரும் மிக மூத்த செவிலியரும் நல்ல இணையாக இருப்பார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. "போன வருஷம் உங்க கருத்தை மாத்திக்கிட்ட ஒரு விஷயத்தைச் சொல்லுங்க, யார் சொல்லி மாத்தினீங்க?" என்று நேர்காணலில் கேட்டுப் பாருங்கள். பதிலில் மற்றத் தொழிலைச் சேர்ந்த ஒருவர் பெயர் வருகிறதா என்று கவனியுங்கள்.

முடிவுப் பட்டியல்

இந்தப் பயிற்சியில் ஒரே ஒரு அமர்வுதான் நடத்த முடியும் என்றால் இதை நடத்துங்கள். சுமார் 3 மணி நேரம் பிடிக்கும்.

வார்டில் அன்றாடம் எடுக்கப்படும் முடிவுகளில் 25 முதல் 30 வரை எழுதிக்கொள்ளுங்கள். பொத்தாம்பொதுவாக வேண்டாம், நறுக்கென்று இருக்கட்டும். "ஆள் குறைந்த இரவில் இரண்டு படுக்கையை மூடுவது." "திட்டமிட்ட அறுவைக்கான சேர்க்கையை ஒரு நாள் தள்ளுவது." "பார்வையாளர் நேரத்தை மாற்றுவது." "புதிய மருத்துவருக்கு வார்டு நடைமுறை சொல்லிக்கொடுப்பது." "உறவினர் புகாருக்குப் பதில் எழுதுவது." "மருந்துப் பிழை நடந்தால் நோயாளியிடம் சொல்வது." ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு கட்டங்கள்: மருத்துவர் மட்டும், செவிலியர் மட்டும், ஒருவர் முடிவெடுத்து மற்றவரிடம் சொல்வது, இருவரும் சேர்ந்து.

ஆளுக்கொரு தாள். 20 நிமிடம், பேசாமல் குறிக்க வேண்டும். பிறகு இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அந்த வார்டின் சண்டைகள் எல்லாம் வரிசையாக நிற்கும். படுக்கையை மூடுவதை இருவருமே "நான் மட்டும்" என்று குறித்திருப்பார்கள். புகாருக்குப் பதில் எழுதுவதை இருவருமே அடுத்தவருக்குத் தள்ளியிருப்பார்கள். முதல் வகையில் மோதல் வரும்; இரண்டாவது வகையில் வேலையே நடக்காது. நோயாளிக்கு இரண்டாவதுதான் ஆபத்து.

வேறுபட்டவற்றை மட்டும் எடுத்துப் பேசித் தீர்க்க வேண்டும். இங்கே மரியாதை காரணமாக எல்லாவற்றையும் "சேர்ந்து" கட்டத்தில் போட்டுவிடும் ஆசை வரும். விடாதீர்கள். சேர்ந்து எடுக்கும் முடிவு 8-ஐத் தாண்டினால் வார்டு நகராது. இரவு 2 மணிக்கு டியூட்டியில் இருப்பவர் இருவரையும் எழுப்பிக்கொண்டிருக்க முடியாது. சேர்ந்து எடுப்பது என்று ஒத்துக்கொண்ட ஒவ்வொன்றுக்கும் இரண்டு துணைக் கேள்விக்குப் பதில் எழுத வேண்டும்: ஒருவரைத் தொடர்புகொள்ள முடியாவிட்டால் எத்தனை நிமிடம் காத்திருப்பது? இருவரும் ஒத்துப்போகாவிட்டால் யாரிடம் போவது, அதுவரை எது பாதுகாப்பானதோ அந்த வழியில் நடப்பதா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்பதே என் பதில். படுக்கையை மூடலாமா வேண்டாமா என்ற விவாதம் முடியும்வரை அந்தப் படுக்கையில் புது நோயாளி வரக் கூடாது.

இறுதித் தாளில் இருவரும் கையெழுத்திட்டு வார்டு ஊழியர் எல்லோருக்கும் காட்ட வேண்டும். ஊழியருக்குத் தெரியாத ஒப்பந்தம் பீரோவுக்குள் கிடக்கும் தாள்தான்.

ஆறு மாதப் பாடம்

ஒரு குழுவுக்கு 6 முதல் 8 இணைகள். அதற்கு மேல் போனால் ஒத்திகைக்கு நேரம் கிடைக்காது. தொடக்கத்தில் தொடர்ச்சியாக 2 நாள். அதன்பின் 3 வாரத்துக்கு ஒருமுறை அரைநாள். இடையில் வார்டிலேயே செய்ய வேண்டிய வேலை. ஐந்து நாள் தொடர் வகுப்பு நடத்திச் சான்றிதழ் கொடுத்து அனுப்புவதைவிட இது நிற்கும். கற்றதை வார்டில் போட்டுப் பார்த்து, உடைந்ததை எடுத்துக்கொண்டு திரும்பி வர இடைவெளி வேண்டும். பயிற்றுநரும் இணையாகவே இருக்க வேண்டும்: ஒரு மருத்துவர், ஒரு செவிலியர். அவர்கள் மேடையிலேயே நயமாகக் கருத்து வேறுபட்டுக் காட்டினால் நூறு சிலைடுக்குச் சமம்.

முதல் வீட்டுப்பாடம், இடம் மாறிப் பார்ப்பது. மருத்துவர் காலை ஹேண்ட்ஓவர் தொடங்கும்போதே வந்து, ஷிஃப்ட் முடியும்வரை செவிலியர் பொறுப்பாளரோடு இருக்க வேண்டும். போன் அணைத்திருக்க வேண்டும். கையில் ஒரு சிறு அட்டை: எத்தனை தடவை வேலை இடையில் தடைபட்டது, எதை யாரிடம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது, எதற்காகக் காத்திருந்தார். செவிலியர் அதேபோல் மருத்துவரோடு ரவுண்ட்ஸ், புறநோயாளிப் பிரிவு, துறைக் கூட்டம் எல்லாவற்றிலும் ஒரு நாள். பார்த்ததை அன்றே பேசக் கூடாது. மறுநாள் அட்டையை வைத்துக்கொண்டு பேச வேண்டும். அன்றே பேசினால் களைப்பும் தற்காப்பும் கலந்துவிடும்.

அடுத்தது கணக்கு. இதில் இருவருமே மற்றவர் பக்கத்துக் கணக்கைப் போட வேண்டும். மருத்துவருக்கு ஒரு கேள்வி: எல்லா ஷிஃப்டிலும் 5 செவிலியர் வேண்டும் என்றால் மொத்தம் எத்தனை பேரை வேலைக்கு வைக்க வேண்டும்? "3 ஷிஃப்ட், 15 பேர்" என்பதுதான் முதலில் வரும் பதில். போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 3 ஷிஃப்ட், வாரத்துக்கு 21. ஐந்து பேர் வீதம் 105 ஆள்ஷிஃப்ட். ஒருவர் வாரத்தில் 6 ஷிஃப்ட் பார்த்தால் 17.5 பேர். லீவ், நோய், பயிற்சி என்று 15% நேரம் போகும், 17.5-ஐ 0.85-ஆல் வகுத்தால் 20.6. அதாவது 21 பேர். வாரம் 5 ஷிஃப்ட் என்றால் 25. பதினைந்து என்று நினைத்துக்கொண்டிருந்த மருத்துவருக்கு, "ஆள் பத்தலை" என்ற குரல் ஏன் ஓயாமல் கேட்கிறது என்று அந்த மேசையிலேயே புரியும். ஆள் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2002-இல் வெளியான ஆய்வில் அமெரிக்கச் செவிலியத் துறை ஆய்வாளர் லிண்டா ஐக்கன் குழு அறுவை நோயாளிகளை ஆராய்ந்தபோது, ஒரு செவிலியர் பார்க்கும் நோயாளிகளில் ஒருவர் கூடும்போதெல்லாம் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7% கூடியிருந்தது.

செவிலியர் பொறுப்பாளர் கற்க வேண்டிய கணக்கு வேறு. மருத்துவர்களை எண்ணைக் காட்டித்தான் அசைக்க முடியும். ஆனால் தப்பான எண்ணைக் காட்டினால் அடுத்த முறை சரியான எண்ணையும் நம்பமாட்டார்கள். 30 படுக்கையில் சராசரி 90% நிரம்பினால், 30 நாளில் 810 நோயாளி-நாள். ஒரு மாதம் 2 பேர் கீழே விழுந்தார்கள், அடுத்த மாதம் 4 பேர். ஆயிரம் நோயாளி-நாளுக்கு 2.5, பிறகு 4.9. "இரண்டு மடங்காகிவிட்டது!" என்று கூட்டத்தில் அறிவித்தால், எண் தெரிந்த மருத்துவர் ஒருவர் எழுந்து, இவ்வளவு சிறிய எண்ணில் இது தற்செயலாகவே நடக்கும் என்பார். அவர் சொல்வது சரி. குறைந்தது 12 மாதத்தை ஒரே கோட்டில் வரைந்து காட்டப் பழக வேண்டும். ஒவ்வொரு விழுதலையும் தனியாக விசாரிக்கத்தான் வேண்டும். அது வேறு வேலை.

ஒத்திகை

பேசத் தெரிய வேண்டியதைப் பேசித்தான் பழக முடியும். ஒவ்வொரு அரைநாள் அமர்விலும் மூன்று ஒத்திகை, ஒவ்வொன்றும் 15 நிமிடம்: 4 நிமிடம் ஆயத்தம், 6 நிமிடம் நடிப்பு, 5 நிமிடம் அலசல். பிறகு வேடம் மாற்றி ஒருமுறை.

ஒரு காட்சியை நெருங்கிப் பார்ப்போம். மூத்த அறுவை மருத்துவர், நோயாளிகள் முன்னிலையில் ஒரு இளம் ஸ்டாஃப் நர்ஸைப் பார்த்துக் கத்திவிடுகிறார். வழக்கமாக நடப்பது: செவிலியர் பொறுப்பாளர் மேலே கடிதம் எழுதுவார், மருத்துவர் பொறுப்பாளர் "அவர் சுபாவம் அப்படி, மனசுல ஒண்ணும் கிடையாது" என்று ஆறுதல் சொல்வார். கத்தியவருக்கு எதுவும் போய்ச் சேராது. திட்டு வாங்கியவர் அடுத்த முறை சந்தேகம் வந்தாலும் வாய் திறக்கமாட்டார். அந்த மௌனம்தான் நோயாளியைக் கொல்வது.

இணையாக நடந்துகொள்ளும் முறை: அன்றைக்கே, வீட்டுக்குப் போவதற்கு முன், மருத்துவர் பொறுப்பாளர் அந்த அறுவை மருத்துவரைத் தனியே பார்க்கிறார். செவிலியர் பொறுப்பாளர் அந்த நர்ஸோடு உட்காருகிறார், என்ன நடந்தது என்று முழுக்கக் கேட்கிறார். மருத்துவர் பேச வேண்டியது நான்கே வாக்கியம்: "சார், காலைல 7-ஆம் படுக்கைகிட்ட நீங்க சத்தம் போட்டதை நோயாளிங்க பார்த்தாங்க. டிரெஸ்ஸிங் லேட்டானது உண்மை, அதை நாங்க சரி பண்றோம். ஆனா இந்த வார்டுல யாரையும் அப்படிப் பேசறது கூடாதுன்னு நானும் சிஸ்டரும் முடிவு பண்ணியிருக்கோம். நாளைக்கு அந்தப் பொண்ணுகிட்ட நீங்க ஒரு வார்த்தை பேசணும்." இதில் "நானும் சிஸ்டரும்" என்பதுதான் உயிர். "சிஸ்டர் ரொம்ப வருத்தப்படறாங்க" என்று சொன்னால் மருத்துவர் தூதுவராகிவிடுவார், பொறுப்பு செவிலியர் தலையில் விழும். ஒத்திகையில் பத்தில் ஆறேழு பேர் முதல் முறை அந்தத் தூதுவர் வாக்கியத்தைத்தான் சொல்வார்கள். நிறுத்தி, திரும்பச் சொல்ல வையுங்கள்.

இன்னொரு காட்சி, அம்மா மாட்டேன் என்றால் அப்பாவிடம் போகும் பிள்ளை கதை. லீவ் மறுக்கப்பட்டவர் மருத்துவர் பொறுப்பாளரிடம் போவார். சேர்க்கையைத் தள்ளச் சொன்ன மருத்துவர் செவிலியர் பொறுப்பாளரைப் பிடிப்பார். இதற்கு ஒரே மருந்து, இருவர் வாயிலும் அனிச்சையாக வர வேண்டிய ஒரு கேள்வி: "அவங்ககிட்ட கேட்டீங்களா, என்ன சொன்னாங்க?" பதில் எதுவானாலும் அடுத்தவரிடம் பேசாமல் மாற்றக் கூடாது. மற்றவர் எடுத்த முடிவு தவறு என்று தோன்றினால் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லலாம், உரக்கவே சொல்லலாம். ஊழியர் முன்னால் வெளிவருவது ஒரே முடிவு. ஒரே ஒரு விதிவிலக்கு: நோயாளிக்கு உடனடி ஆபத்து என்றால், இருவரில் யார் வேண்டுமானாலும் யார் முன்னிலையிலும் "நிறுத்துங்க" என்று சொல்லலாம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த திட்டம் இதற்கு நல்ல சான்று. மைய நாளக் குழாய் (உடலின் பெரிய இரத்த நாளத்துக்குள் செலுத்தும் குழாய்) போடும்போது ஐந்து நடைமுறைகளில் ஏதாவது விடுபட்டால், அவசர நிலை தவிர, மருத்துவரை நிறுத்தும் அதிகாரம் செவிலியருக்குக் கொடுக்கப்பட்டது. 2006-இல் வெளியான முடிவுகளின்படி, ஆயிரம் குழாய்-நாளுக்கு 2.7 ஆக இருந்த தொற்று விகிதத்தின் இடைநிலை மதிப்பு மூன்று மாதத்துக்குள் பூஜ்யமானது. நடைமுறைகள் புதியவை அல்ல. நிறுத்தச் சொல்லும் செவிலியருக்குப் பின்னால் நிர்வாகம் நிற்கும் என்ற உறுதிதான் புதிது.

சின்ன விஷயங்களையும் கவனியுங்கள். ஒருவரை "டாக்டர்" என்றும் மற்றவரை வெறும் பெயர் சொல்லியும் கூப்பிட்டால், ஊழியர் அதிலிருந்தே கணக்குப் போட்டுக்கொள்வார்கள். இருவரும் ஒரே அளவு மரியாதையோடு கூப்பிட்டுக்கொள்ள வேண்டும். எந்த அளவு என்பது அவர்கள் விருப்பம். வார்டு கூட்டத்துக்கு மாதம் மாறி மாறித் தலைமை. குறிப்பெடுப்பது இருவரில் யாரும் அல்லாத மூன்றாமவர். இல்லையென்றால் குறிப்பேடு எப்போதும் செவிலியர் கைக்குத்தான் போகும்.

வார்டில் போடும் வேலை

மூன்றாம் மாதத்திலிருந்து ஒவ்வொரு இணையும் 12 வாரத்துக்கு ஒரு பிரச்சினையை எடுக்க வேண்டும். ஒரே நிபந்தனை: இருவரில் எவராலும் தனியாகத் தீர்க்க முடியாததாக இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் தாமதம் நல்ல தொடக்கம். அடுத்தடுத்த 20 நோயாளிகளுக்கு ஐந்து நேரங்களைக் குறியுங்கள்: வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னது, சுருக்க அறிக்கை முடிந்தது, மருந்து வந்தது, பில் முடிந்தது, படுக்கை காலியானது. பெரும்பாலும் முதல் இரண்டுக்கும் நடுவில்தான் பாதி நேரம் உறங்கும். காலை ரவுண்ட்ஸில் சொல்லிவிட்டு மருத்துவர் அறுவை அரங்குக்குப் போயிருப்பார். அறிக்கை அவர் திரும்பும்வரை காத்திருக்கும். அவசரப் பிரிவில் புது நோயாளி படுக்கைக்காகக் காத்திருப்பார்.

மாற்றம் இருபுறமும் வேண்டும். முந்தின நாள் மாலையே நாளைக்குப் போகக்கூடியவர் பட்டியல். அன்றிரவே டியூட்டி டாக்டர் அறிக்கையின் வரைவை எழுதி வைப்பது. ரவுண்ட்ஸ் முதல் படுக்கையிலிருந்து வரிசையாகப் போகாமல், மோசமாக இருப்பவர் முதலில், வீட்டுக்குப் போகிறவர் அடுத்து. இவை மருத்துவர் பக்கம். உறவினருக்கு முதல் நாளே சொல்வது, மருந்து விளக்கத்தைக் காலைக்கு முன்பே முடிப்பது செவிலியர் பக்கம். பில் பிரிவுக்கு இருவரும் சேர்ந்து போக வேண்டும். ஒருவர் போனால் அது கோரிக்கை, இருவர் போனால் வார்டே வந்த மாதிரி. இரண்டு வாரம் கழித்து இன்னும் 20 பேர். சரியாகவில்லை என்றால் எந்த இடைவெளி குறையவில்லை என்று பார்த்து அதை மட்டும் தொடுங்கள்.

இந்த வேலையைத் தாங்குவது வாராந்தரச் சந்திப்பு. 40 நிமிடம், மாறாத நாள், மாறாத நேரம். முதலில் 5 நிமிடம் எண்கள், 10 நிமிடம் ஆட்களைப் பற்றி, அதாவது யார் களைத்திருக்கிறார், யார் விலகப் பார்க்கிறார், 20 நிமிடம் ஒரே ஒரு பிரச்சினை, கடைசி 5 நிமிடம், "இந்த வாரம் நான் உங்களை எங்கயாவது விட்டுக்கொடுத்தேனா?" இந்தக் கேள்வியை முதல் மாதம் வாய்விட்டுக் கேட்கக் கூச்சமாக இருக்கும். கேட்க வேண்டும். இரண்டு வாரம் தொடர்ந்து சந்திப்பு ரத்தானால் அதைப் பயிற்றுநருக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு வையுங்கள். இணை பிரிவதற்கு முதல் அறிகுறி வாக்குவாதம் அல்ல, சந்திப்பு நின்றுபோவதுதான்.

பலன் வந்ததா?

வகுப்பு முடிவில் "பயனுள்ளதாக இருந்தது" என்று வாங்கும் படிவத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். தொடங்கும்முன், 6-ஆம் மாதம், 12-ஆம் மாதம் என்று மூன்று முறை வார்டு ஊழியரிடம் பெயரில்லாமல் கேளுங்கள்; மருத்துவர் விடையையும் செவிலியர் விடையையும் தனித்தனியே கூட்டுங்கள். மொத்த சராசரி ஏமாற்றும். 73-க்கும் 33-க்கும் நடுவில் இருந்த இடைவெளி மாதிரி உங்கள் வார்டில் எவ்வளவு இருக்கிறது, அது சுருங்குகிறதா என்பதே அளவீடு. சுருங்குவது இரண்டு விதமாக நடக்கலாம்: செவிலியர் எண் ஏறலாம், அல்லது மருத்துவர் எண் இறங்கலாம். முதல் ஆறு மாதத்தில் இறங்குவதும் நல்ல செய்திதான். கண் திறந்திருக்கிறது என்று பொருள்.

பிழை அறிக்கைகளின் எண்ணிக்கை முதலில் கூடும். நிர்வாகவியல் ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1996-இல் வெளியிட்ட ஆய்வில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தபோது, நன்றாக நடக்கும் குழுக்களில்தான் அதிகப் பிழைகள் பதிவாகியிருப்பதைக் கண்டார். அங்கே சொல்வதற்குப் பயம் இல்லை. ஆகவே மூன்றாம் மாதத்தில் "அறிக்கை அதிகமாயிடுச்சு" என்று மேலிடம் பதறினால், பயிற்சியை நிறுத்த வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும். பார்க்க வேண்டியது, தீங்கு விளைந்த பிழைகள் குறைகின்றனவா என்பதை.

நோயாளிக்கு என்ன பலன் என்று நிதிக் குழு கேட்கும். அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் அறுவைக் குழுக்களுக்குச் சேர்த்துக் கொடுத்த பயிற்சி பற்றிய ஆய்வு 2010-இல் வந்தது: பயிற்சி பெற்ற 74 மருத்துவமனைகளில் ஆண்டு இறப்பு 18% குறைந்தது, அதுவரை பெறாத 34-இல் 7%. இது குழுப் பயிற்சி பற்றியது, பொறுப்பாளர் இணை பற்றியது அல்ல. அப்படியே நேர்மையாகச் சொல்லுங்கள். உங்கள் வார்டுக்கான சான்றை நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

கடைசியாக, எல்லோரும் மறக்கும் ஒன்று. இணையில் ஒருவர் மாற்றலாகிப் போனால் மற்றவர் பழைய ஒப்பந்தத்தோடு தொடர்வார் என்று விட்டுவிடுகிறார்கள். புதிதாக வந்தவருக்கு அது அடுத்தவர் எழுதிய தாள். முதல் 2 வாரத்துக்குள் இடம் மாறிப் பார்க்கும் நாளையும் முடிவுப் பட்டியல் அமர்வையும் வெற்றுத் தாளிலிருந்து மறுபடி நடத்துங்கள். பழைய தாளைப் புதியவருக்கு அமர்வு முடிந்த பிறகே காட்டுங்கள், முன்னால் காட்டினால் மரியாதைக்காக அதையே பார்த்து எழுதிவிடுவார்.